செம்பு தெரிகிறது

ஹாகனில் தை மாதத்து ஈரம்.
ஒரே வாரம், ஒரே வகை எஞ்சின் இரண்டு
என் மேசையில் மல்லாந்து கிடக்கின்றன.

ஒன்று பிரிங்க்மன் ஐயாவுடையது.
அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்.
தொண்ணூறைத் தாண்டியதே இல்லை என்று
கையிலடித்துச் சத்தியம் செய்யாத குறை.
வீட்டிலிருந்து பேக்கரி, பேக்கரியிலிருந்து வீடு,
ஞாயிறானால் கல்லறைத் தோட்டம்.
நாற்பதில் உருளும்போதே ஐந்தாம் கியர் போடுவாராம்,
எஞ்சின் களைக்காமல் இருக்கட்டுமென்று.

மற்றது சுகிர்தாவுடையது.
இரவில் இரத்த மாதிரிகளை ஏற்றிக்கொண்டு
பிராங்க்பர்ட்டுக்குப் போய் விடியுமுன் திரும்புகிறவள்.
மூன்று லட்சத்துப் பதினோராயிரம்.
சாவர்லாந்து மேடுகளில் நூற்றெண்பது.
செயின் கிலுங்குகிறது என்று கொண்டுவந்தாள்,
அடியையும் திறந்து பார்க்கச் சொன்னாள்.

பட்டறையில் பந்தயம் கட்டினோம்.
ஆளுக்கு ஐந்து யூரோ, எல்லாம் அவளுக்கு எதிராக.
மிலான் மட்டும் அவள் பக்கம்.

ராட் மூடியைக் கழற்றினால் உள்ளே பெயாரிங்:
கட்டைவிரல் அகலத்தில் உலோகப் பிறை.
மேலே சாம்பல் பூச்சு,
அதன் கீழ் செம்பு,
அதற்கும் கீழ் உருக்கு.
சாம்பல் இருக்கும்வரை பயமில்லை.

சுகிர்தாவின் பிறைகள் எட்டும் சாம்பல்.
மேல் பாதிகளில் மட்டும் ஒரு மினுக்கம்,
பலர் ஏறி இறங்கிய படியின் நடுப்பகுதி போல.
பிரிங்க்மனுடையதில் செம்பு.
மூன்றாம் சிலிண்டரில் செம்பும் கரைந்து
உருக்கு நீலம் பூத்திருந்தது.

மிலான் காசைப் பொறுக்கிக்கொண்டான்.

உலோகம் உலோகத்தைத் தொடக்கூடாது,
அவ்வளவுதான் சங்கதி.
நடுவே எண்ணெய்;
ஒரு தலைமயிரை நெடுக்காகக் கிழித்து
கிழித்ததை மறுபடி கிழித்தால் வரும் தடிப்பு.
தண்டு சுழன்றால்தான் அதன்மேல் மிதக்கும்.
சுற்றைக் குறைத்துப் பாரத்தை ஏற்றினால்
மெல்ல அமிழ்ந்து தரை தட்டும்.
காலையில் சாவி திருப்பிய முதல் விநாடியிலோ
எண்ணெய் இன்னும் கீழே படுத்திருக்கிறது.
முதல் தோசை கல்லில் ஒட்டுமே, அதுபோல.
பிரிங்க்மன் ஒன்பது வருடமாக
முதல் தோசை மட்டுமே சுட்டார்.
கல் காயுமுன்
அடுப்பை அணைத்துக்கொண்டே வந்தார்.

மெல்லப் பாயும் தண்ணீர் கல்லையும் கரைக்கும்,
பள்ளியில் நூறு தடவை எழுதியிருக்கிறேன்.
கல்லின் பக்கம் நின்று
ஒரு தடவையும் யோசித்ததில்லை.

போன் எடுத்துச் சுகிர்தாவிடம் கேட்டேன்.
"எண்ணெய் சூடாகிறவரைக்கும் பதினைஞ்சு நிமிசம்
பிரேதம் ஏத்தின மாதிரித்தான் போவன் அண்ணை.
புத்தகத்தில முப்பதெண்டு கிடக்கும்,
நான் பத்தாயிரத்துக்கே எண்ணெய் மாத்திப்போடுவன்.
மற்றபடி மிதிதான்."

இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது.
போன மார்கழியில் ஒரு பையன் வந்தான்,
வந்தான் என்ன, இழுத்துக்கொண்டு வந்தார்கள்.
உறைந்த எஞ்சினை ஒவ்வொரு சிக்னலிலும்
சிவப்புக் கோடுவரை முறுக்கியவன்.
நாற்பதாயிரத்தில் ராட்
கட்டையை உடைத்து வெளியே எட்டிப் பார்த்தது.
அவனும் விரட்டினவன்தான்.

மாலையில் பிரிங்க்மன் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி.
நான் இன்னொரு எஞ்சினின் விலையைச் சொன்னேன்.
அவர் விலையைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.
"அப்படியானால் வேகமாகப் போயிருக்க வேண்டுமா?"
"சில நாளாவது, கொஞ்சம் தூரமாக."
"கல்லறை இரண்டு கிலோமீட்டர்தானே," என்றார்.
"தள்ளிவைக்கச் சொல்லி யாரிடம் கேட்பது?"

நடந்து போகலாமே என்றேன்.
தேய்ந்த பிறை ஒன்றை எடுத்து
விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பிறகு அதைத் தன் வலது முழங்காலில் வைத்து
அளவு சரியா என்று பார்ப்பவர்போல்
சற்றுநேரம் அழுத்திப் பிடித்திருந்தார்.